பாஸ் கொடுக்காத பிள்ளைகளும் ஒரு இந்திப் படமும்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். காரைக்குடிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் இரண்டு வருடமாக ஹாக்கி சொல்லிக் கொடுக்கிறீர்கள். குறுவட்டப் போட்டியில் பிள்ளைகள் 0-6 என்று தோற்றுவிட்டார்கள். மறுநாள் பாதிப் பேர் பயிற்சிக்கே வரவில்லை. இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி உலகக் கோப்பையை வெல்கிற கதையான ‘சக் தே இந்தியா’ படத்தை அவர்களுக்குப் போட்டுக் காட்டலாமா, அது உண்மைக் கதையா, காட்டினால் எதைச் சொல்லிக் காட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் பி.டி. டீச்சராக இருந்து 2023-ல் ஓய்வு பெற்றவள். இந்தப் படத்தை மூன்று செட் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன்.

காட்டுங்கள், அதில் யோசனையே வேண்டாம். ஆனால் எந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு கேட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் காட்சிக்காகக் காட்ட வேண்டாம்.

இறுதி ஆட்டத்துக்கு முன்னால் ஷாருக் கான் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி, உங்களிடம் எழுபது நிமிடம் இருக்கிறது என்று அமைதியான குரலில் பேசுவாரே, அதுதானே? நானும் 2008-ல் அதற்காகத்தான் காட்டினேன். சயின்ஸ் லேபில் ஒரு டிவியும் வாடகை டிவிடி பிளேயரும். வசனம் இந்தி. நான் எப்போதோ ப்ராத்மிக் பாஸ் செய்த இந்தியை வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தேன். அந்தப் பேச்சு வந்தபோது பிள்ளைகள் கண்ணில் தண்ணீர், எனக்கும்தான். மறுநாள் காலை மைதானத்தில் என்ன நடந்தது தெரியுமா? பதினோரு பேரும் கதாநாயகி ஆகிவிட்டார்கள். பந்து கிடைத்தவள் தலையைக் குனிந்தபடி கோலை நோக்கி ஒரே ஓட்டம். பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் காதில் விழவில்லை. முன்னாலாவது நாலு பாஸ் போகும், அன்றைக்கு அதுவும் இல்லை.

அந்தப் பேச்சு நல்ல பேச்சுதான். ஆனால் அது சமைத்து முடித்த குழம்பில் கடைசியாகப் போடும் தாளிப்பு. அடுப்பே பற்றவைக்காத வீட்டில் வெறும் தாளிப்பு மட்டும் போட்டால் வாசனை வரும், வயிறு நிறையாது.

சரி, உண்மைக் கதையா என்ற கேள்விக்கு வருகிறேன். இல்லை. ஆனால் முழுக்கக் கற்பனையும் இல்லை. படம் வந்தது 2007 ஆகஸ்டில். இயக்கியவர் ஷிமித் அமீன், எழுதியவர் ஜெய்தீப் சாஹ்னி. 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் இந்தியப் பெண்கள் அணி தங்கம் வாங்கியது. இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தை 3-2 என்று வென்றார்கள், கூடுதல் நேரத்தில் மம்தா கரப் அடித்த கோல்டன் கோலில், அதாவது அடித்த உடனே ஆட்டத்தை முடித்துவிடும் கோலில். அணித் தலைவி மணிப்பூரைச் சேர்ந்த சூரஜ் லதா தேவி. அவ்வளவு பெரிய வெற்றி பேப்பரில் சின்னச் செய்தியாக வந்ததைப் பார்த்துத்தான் சாஹ்னிக்கு இந்தக் கதை தோன்றியது. படத்தில் வருகிற மாதிரி உலகக் கோப்பையை நம் பெண்கள் இதுவரை ஒரு தடவையும் வென்றதில்லை. 1974-ல் நாலாம் இடம் பிடித்ததுதான் அதில் அதிகபட்சம். பிள்ளைகள் கேட்டால் மழுப்பாமல் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ஷாருக் கான் நடித்த பயிற்சியாளர் கபீர் கான். பாகிஸ்தானுக்கு எதிரான உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் கடைசி நேரத்தில் பெனால்டி ஸ்ட்ரோக்கை, அதாவது கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க அடிக்கும் அடியை, தவறவிடுகிறார். முடிந்ததும் எதிரணிக்காரரோடு கை குலுக்குகிறார். அந்தப் போட்டோவை வைத்துத் துரோகி என்கிறார்கள், வீட்டுச் சுவரிலேயே எழுதுகிறார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டைக் காலி செய்து போய்விடுகிறார். இதைப் பார்த்தவுடன் எல்லாரும் சொல்கிற பெயர் மிர் ரஞ்சன் நேகி. 1982 டெல்லி ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றபோது இந்தியாவின் கோல்கீப்பர் அவர்தான். காசு வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தார் என்ற பழியை வருடக்கணக்கில் சுமந்தார். பிறகு 2002-ல் தங்கம் வாங்கிய பெண்கள் அணிக்குக் கோல்கீப்பிங் பயிற்சியாளராக இருந்தார். இந்தப் படத்தில் நடித்த பெண்களுக்கு ஹாக்கி சொல்லிக் கொடுத்ததும் அவரே. கதையை அவரை வைத்து எழுதவில்லை என்று சாஹ்னி சொல்லியிருக்கிறார். இருந்தாலும் பார்ப்பவர்களுக்கு இருவரும் ஒருவராகத்தான் தெரிவார்கள்.

1982 என்றதும் என் கதை ஒன்று. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, ஹாஸ்டலில் இருந்தேன். வார்டன் அறை ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து அந்த ஆட்டத்தைக் கேட்டோம். நாலாவது கோலுக்கு மேல் யாரும் எண்ணவில்லை. அந்த ஏழு கோல் இன்றைக்கும் ஹாக்கி பார்க்கும் என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதே டெல்லியில், அதே ஆசிய விளையாட்டில், முதல் தடவையாகச் சேர்க்கப்பட்ட பெண்கள் ஹாக்கியில் எலிசா நெல்சன் தலைமையில் இந்தியா தங்கம் வாங்கியது. எனக்கு அது எப்போது தெரிந்தது என்கிறீர்கள்? வேலைக்குச் சேர்ந்து சில வருடம் கழித்து. ஹாக்கி ஆடிய பெண்ணுக்கே அந்த லட்சணம். படத்தில் ஹாக்கிச் சங்கத்து ஆட்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, பெண்கள் சப்பாத்திக் கட்டையைப் பிடிக்க வேண்டியவர்கள் என்கிற தோரணையில் பேசும்போது நம் பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

இனி எந்தக் காட்சிகளில் நிறுத்திப் பேசலாம் என்று சொல்கிறேன்.

முதலில் அறிமுகக் காட்சி. ஒவ்வொருத்தியும் பெயரைச் சொல்லி, கூடவே தன் மாநிலத்தையும் சொல்வாள். சொன்னவளை எல்லாம் கபீர் கான் தனியே நிற்க வைத்துவிடுவார். ஒருத்தி மட்டும் பெயருக்குப் பின்னால் இந்தியா என்பாள், அவளை மட்டும் ஏற்றுக்கொள்வார். நம் ஊரில் இதை மாநிலத்தை வைத்து விளக்கினால் பிள்ளைகளுக்கு ஏறாது. உங்கள் அணியில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று ஒரு நாள் பாருங்கள். என் அணியில் கண்டனூர், புதுவயல் பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் வருவார்கள், ஒன்றாகவே இருப்பார்கள். பள்ளத்தூர், கோட்டையூர் ஒரு கூட்டம். டவுன் பிள்ளைகள் தனி. தெரு, சாதி எல்லாம் இதற்குள்ளேயே ஒளிந்திருக்கும், யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். ஆனால் பந்து சொல்லிவிடும். ஒரு வாரம் நோட்டில் குறித்தேன், யார் யாருக்குப் பாஸ் கொடுக்கிறாள் என்று. பஸ் ரூட் அப்படியே வந்தது.

ஆந்திராவிலிருந்து வந்த நேத்ரா ரெட்டியிடம் ஒரு அதிகாரி தமிழுக்கும் தெலுங்குக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார். பஞ்சாபிக்கும் பீகாரிக்கும் என்ன வித்தியாசமோ அதுதான் என்பாள். இந்த இடத்தில் நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே லேபில் விசில். மொழிபெயர்ப்பு தேவைப்படாத வசனம் அது ஒன்றுதான்.

இரண்டாவது, கோமலும் ப்ரீத்தியும். ஹரியானாக்காரி ஒருத்தி, சண்டிகர்க்காரி ஒருத்தி, இரண்டு பேரும் முன்வரிசை ஆட்டக்காரர்கள். யார் அதிக கோல் போடுவது என்று போட்டி. ஒருத்தி வழி திறந்து நிற்பாள், மற்றவள் பந்தைத் தர மாட்டாள். ஜெயிக்கும் ஆட்டத்திலும் இது தொடரும். இறுதி ஆட்டத்தில்தான் ஒருத்தி மற்றவளுக்குப் பந்தைத் தள்ளுவாள். என்னைக் கேட்டால் படத்தின் உச்சம் அந்தப் பாஸ்தான், அதற்குப் பின்னால் வருகிற பெனால்டி எல்லாம் கொசுறு. அந்த இடத்தில் படத்தை நிறுத்துங்கள், பின்னால் ஓட்டுங்கள், இன்னொரு தடவை காட்டுங்கள். பந்தைக் கொடுத்தவள் தலை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். தலை நிமிர்ந்திருக்கும்.

மூன்றாவது, பிந்தியா. அணியிலேயே மூத்தவள். தலைமைப் பொறுப்பு கிடைக்கவில்லை என்று கோபம், பயிற்சியாளருக்கு எதிராகக் கிளம்புவாள். அவளை அவர் ஓரமாக உட்கார வைப்பார், ஆனால் துரத்திவிட மாட்டார். கொரியாவோடு ஆடும்போது அவர்கள் நம் ஒவ்வொருத்திக்கும் ஒருத்தியைக் காவல் போடுவார்கள். அதை உடைக்க அனுபவசாலி வேண்டும், அப்போது பிந்தியாவை இறக்குவார். உங்கள் அணியிலும் பிளஸ் டூ படிக்கும் ஒரு பிந்தியா இருப்பாள். நேற்று வரை பெஸ்ட் பிளேயராக இருந்துவிட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை உள்ளே வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவள். அவளைத் தூக்கிவிடாதீர்கள்.

நாலாவது, ஆண்கள் அணியோடு ஆடும் ஆட்டம். ஆஸ்திரேலியாவுக்குப் பெண்கள் அணியை அனுப்ப முடியாது என்று சங்கம் கைவிரிக்கும்போது, ஆண்கள் அணியோடு மோதிக் காட்டுகிறோம் என்பார் கபீர் கான். ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றுப் போவார்கள். ஆனால் முடிந்ததும் ஆண்கள் ஸ்டிக்கைத் தூக்கி மரியாதை செய்வார்கள். தோற்ற பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டியது இதுதான். கூடவே இன்னொன்று, படத்தில் உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே ஆஸ்திரேலியாவிடம் 0-7 என்று அடி வாங்குகிறார்கள். உங்களுக்கு ஆறுதான்.

படம் எங்கே சறுக்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாஸ் கொடுக்காததற்குக் காரணம் அகம்பாவம் மட்டும்தான் என்று படம் சொல்லும். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பினேன். சுயநலம், சுயநலம் என்று பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன். அதில் பாதிப் பழி அவர்கள் மேல் போடக்கூடாதது, அது சரளைக்கல் மேல் போட வேண்டியது.

நம் சீமை மைதானங்களைப் பாருங்கள். செம்மண், அதில் சரளை. மழை பெய்தால் மண் அரித்துக் கல் மட்டும் தலை தூக்கி நிற்கும். ஹாக்கிப் பந்து 160 கிராம் சுமாருக்கு இருக்கும், கல்லு மாதிரி. சரளையில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று பிள்ளையாருக்கும் தெரியாது. ஸ்டிக்கில் இடது பக்கம்தான் தட்டை, அந்த ஒரு பக்கத்தால்தான் பந்தைத் தொட வேண்டும். அந்தப் பிள்ளை என்ன செய்வாள்? கண்ணை எடுக்காமல் பந்தையே பார்த்துக்கொண்டு ஓடுவாள். கண்ணை எடுத்தால் பந்து போய்விடும், இல்லை முழங்காலில் அடிக்கும். தலை குனிந்திருப்பவளுக்குப் பக்கத்தில் ஆள் நிற்பது எப்படித் தெரியும்? தெரியாதவளைப் பார்த்து ஏன் கொடுக்கவில்லை என்று நாம் கத்துகிறோம்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 1928-லிருந்து 1972 வரை ஒலிம்பிக்கில் ஒரு தடவை விடாமல் இந்திய ஆண்கள் பதக்கம் வாங்கினார்கள். எல்லாம் புல் தரையில். மணிக்கட்டால் பந்தை ஒட்ட வைத்துக்கொண்டு நாலு பேரை ஏமாற்றிப் போகிற ஆட்டம். 1976 மாண்ட்ரியலில் முதல் தடவையாகச் செயற்கைத் தரை போட்டார்கள், இந்தியா ஏழாவது இடம். அந்தத் தரையில் பந்து துள்ளாது, நேராக, வேகமாக ஓடும். காலால் ஓடுவதை விடப் பாஸ் வேகமாகப் போகும். தலையைத் தூக்கிப் பார்க்கிறவனுக்கான தரை அது. 1980 மாஸ்கோவில் நம் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்தது உண்மைதான், ஆனால் பல பெரிய அணிகள் புறக்கணித்த வருடம் அது. அதற்கப்புறம் அடுத்த பதக்கத்துக்கு நாற்பத்தொரு வருடம் ஆயிற்று.

சரளைக்கு நான் கண்டுபிடித்த வைத்தியத்தைச் சொல்கிறேன். நான் கண்டுபிடித்தது என்பது கூடப் பொய், ஒரு பிள்ளை கண்டுபிடித்தது.

2010 வாக்கில் என் அணியில் ஒரு பிள்ளை. ஒல்லி. ஷின் கார்டு வாங்கக் காசில்லாமல், நோட்டு அட்டையை மடித்துச் சாக்ஸுக்குள் சொருகிக்கொண்டு ஆடுவாள். அவள் மட்டும் தலையைத் தூக்கி ஆடுவாள். பந்து வரும் முன்பே ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிடுவாள், வந்ததும் தொட்டு ஒரே தள்ளு. எங்கே கற்றாய் என்று கேட்டால் சிரிப்பாள். ஒரு நாள் அவள் அம்மாவைப் பார்க்கப் போனபோதுதான் தெரிந்தது. அந்த அம்மாவுக்குப் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டைக் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றுகிற வேலை. வீட்டுக்காரர்கள் வெளியூர். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் வருவார்கள். முகப்பு, பட்டாலை, வளவு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீடு. வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றியிருக்கும் தாழ்வாரம் முழுக்க ஆத்தங்குடிக் கல், நம் பக்கத்துத் தரை ஓடு. அம்மா பெருக்கிக்கொண்டிருக்க, மகள் அந்தத் தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்துப் பந்தைத் தள்ளித் தள்ளி வாங்கிக்கொண்டிருந்தாள். பந்துக்கு ஒரு பழைய சாக்ஸ் மாட்டியிருந்தாள், கல் கீறாமல் இருக்க, சத்தம் வெளியே கேட்காமல் இருக்க.

நானும் ஒரு தடவை தள்ளிப் பார்த்தேன். கண்ணாடி மேல் போகிற மாதிரிப் போயிற்று. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்துத்தான் செய்கிறார்கள், அந்த வழவழப்பு அப்படியே கல்லில் இறங்கிவிடும். வருடக்கணக்கில் தேங்காய் எண்ணெய்த் துணியும் காலும் பட்டுப் பட்டு இன்னும் மெருகேறியிருக்கும். பந்து எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும், அதனால் அதைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தலை தானாக நிமிர்ந்துவிட்டது. செட்டிநாட்டில் செயற்கைத் தரைக்கு மிக நெருங்கிய சொந்தம் அந்தத் தாழ்வாரம்தான்.

அதே வீட்டில் அடுத்த மாதம் சினிமா ஷூட்டிங் நடந்தது. டிராலி தண்டவாளம் போட்டார்கள், முப்பது பேர் செருப்புக் காலோடு நடந்தார்கள். அதற்கு அனுமதி உண்டு. சாக்ஸ் மாட்டிய பந்துக்குத்தான் யாருக்கும் தெரியாமல் ஒளிய வேண்டியிருந்தது. நம் ஊருக்கு சினிமா புதிதா என்ன? ஏவி. மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ‘நாம் இருவர்’ எடுத்து 1947-ல் வெளியிட்ட சீமை இது. ஆனால் ஒரு பெண் ஹாக்கி ஸ்டிக்கோடு பஸ் ஏறினால் இன்றைக்கும் கண்டக்டர் அது என்ன கம்பு என்பார்.

உங்களுக்கு அப்படி ஒரு வீடு கிடைக்காது, கிடைத்தாலும் கேட்காதீர்கள். நெல் காய வைக்கும் சிமெண்ட் களம் பள்ளிக்குப் பக்கத்தில் எங்காவது இருக்கும். அறுப்பு இல்லாத மாதங்களில் சும்மாதான் கிடக்கும். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் முறையாகக் கேட்டு வாங்குங்கள். வாரம் மூன்று நாள், அரை மணி நேரம், இரண்டிரண்டு பேராக நிறுத்திப் புஷ் பாஸ் மட்டும், ஸ்டிக்கை ஓங்காமல் தள்ளிக் கொடுப்பது. கொடுக்கும் முன்னால் எதிரே நிற்பவள் விரலால் ஒரு எண் காட்ட வேண்டும், தள்ளுகிறவள் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் தள்ள வேண்டும். எண்ணைச் சொல்ல வேண்டுமென்றால் தலையைத் தூக்கியாக வேண்டுமே. ஜோடி சேர்க்கும்போது பஸ் ரூட்டைக் கலைத்துப் போடுங்கள், கண்டனூருக்கு டவுன், கோட்டையூருக்குப் புதுவயல். இரண்டு மாதம் இதைச் செய்துவிட்டு அப்புறம் சரளைக்குப் போங்கள். நான் செய்தேன், வித்தியாசம் தெரிந்தது. கோப்பை எதுவும் வரவில்லை, மாவட்ட அளவில் அரையிறுதி வரை போனோம்.

படத்தைக் காட்டும்போது இரண்டு விதி மாற்றத்தையும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் விவரம் தெரிந்த பிள்ளை உங்களை மடக்கிவிடும். அப்போது ஆட்டம் 35 நிமிடம் வீதம் இரண்டு பாதி, அதனால்தான் எழுபது நிமிடம். இப்போது சர்வதேச ஆட்டம் 15 நிமிடம் வீதம் நாலு பகுதி, மொத்தம் அறுபது. படத்தின் கடைசியில் சமநிலையை உடைக்க 6.40 மீட்டரிலிருந்து பெனால்டி ஸ்ட்ரோக் அடிக்கிறார்கள். இப்போது 23 மீட்டர் கோட்டிலிருந்து கோல்கீப்பரோடு ஒற்றைக்கு ஒற்றை, எட்டு வினாடிக்குள் கோல் போட வேண்டும்.

அந்தக் கடைசி ஸ்ட்ரோக்கில் கோல்கீப்பர் வித்யாவைப் பார்த்து, நகராமல் நில் என்று கபீர் கான் சைகை காட்டுவார். சினிமாவுக்கு அழகு. உங்களுக்கு ஒரு வேண்டுகோள் தம்பி, நீங்கள் ஆண், அணி பெண்கள் அணி, படத்திலும் அதேதான். நாமும் ஒரு கபீர் கான் என்று மனம் கொஞ்சம் ஆசைப்படும். வேண்டாம். படத்தில் எல்லா முடிவும் அவர் தலையிலிருந்துதான் வரும், பிள்ளைகள் செய்து முடிப்பார்கள். வித்யாவை மாமியார் வீட்டில் விளையாட்டா குடும்பமா என்று கேட்பார்கள். கோமலின் அப்பாவுக்கு இதில் விருப்பமே இல்லை. ப்ரீத்தி கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன் கிரிக்கெட் அணியின் துணைத் தலைவன், அவனுக்கு ஹாக்கி ஒரு பொழுதுபோக்கு. இந்த இடங்களில் படம் கொஞ்சம் தங்கியிருக்கலாம், ஓடிவிடும். உங்கள் பிள்ளைகளிடம் நீங்கள் தங்குங்கள். 0-6-க்கு மறுநாள் வராத பாதிப் பேரில் எத்தனை பேர் வெட்கத்தால் வரவில்லை, எத்தனை பேரை வீட்டில் நிறுத்தினார்கள் என்று விசாரித்தீர்களா? நான் முதல் வருடம் விசாரிக்காமல் ஒரு நல்ல கோல்கீப்பரை இழந்தேன். அந்தப் பிள்ளை வெட்கத்தில் ஒளிந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வீட்டில் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது.

தமிழில் இல்லையா என்றும் கேட்பார்கள். 2019-ல் வந்த ‘நட்பே துணை’ ஹாக்கியைத்தான் எடுத்துக்கொண்டது, ஆனால் அது மைதானத்தைக் காப்பாற்றுகிற கதை, ஆடுவது பையன்கள். பெண் பிள்ளைகளுக்கு இந்தியே இருக்கட்டும்.

படத்தோடு நிறுத்தாதீர்கள். அடுத்த நாள் பத்து நிமிடம், 2021 டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதியின் ஹைலைட்ஸ் போடுங்கள். ராணி ராம்பால் தலைமையிலான அணி. முதல் மூன்று ஆட்டத்திலும் தோல்வி, நெதர்லாந்திடம் 1-5, ஜெர்மனியிடம் 0-2, பிரிட்டனிடம் 1-4. அப்புறம் அயர்லாந்தை 1-0, தென்னாப்பிரிக்காவை 4-3. அந்த ஆட்டத்தில் வந்தனா கட்டாரியா ஹாட்ரிக். ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை காலை, ஆஸ்திரேலியா. குர்ஜித் கவுர் ஒரு பெனால்டி கார்னரில் போட்ட கோல், கோல்கம்பத்தில் சவிதா. 1-0. படத்தில் எழுதிய எதிரி, நிஜத்தில் வீழ்ந்தது. ஆனால் நிஜம் அங்கே நிற்கவில்லை. அரையிறுதியில் தோற்று, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனிடம் 3-4 என்று தோற்று, தரையில் உட்கார்ந்து அழுதார்கள். நாலாம் இடம். இரண்டையும் பார்த்த பிள்ளைக்குத்தான் ஹாக்கி என்னவென்று புரியும்.

முடிந்தால் ஒரு சனிக்கிழமை மதுரைக்குக் கூட்டிப் போங்கள். 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்ததால் அங்கே நல்ல தரை இருக்கிறது. காரைக்குடியிலிருந்து இரண்டு மணி நேரப் பஸ். அனுமதி வாங்கி, வெறுங்காலோடு ஒரு தடவை நடக்க விடுங்கள். கோவில்பட்டிப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சின்ன வயதிலேயே கிடைக்கிறது, அங்கிருந்து மாரீஸ்வரன் சக்திவேல் மாதிரி ஆட்கள் இந்திய அணிக்குப் போகிறார்கள். நம் பக்கம் பிள்ளைகளுக்குச் சிறாவயல் மஞ்சுவிரட்டும் கபடியும்தான் கண்ணில் படுகிற விளையாட்டு.

டோக்கியோவில் ஆஸ்திரேலியாவை வென்ற அந்தத் திங்கட்கிழமை கொரோனாவால் பள்ளி மூடியிருந்தது. நான் வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். ஆட்டம் முடிந்து அரை மணி நேரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி போன் செய்தாள். சாக்கோட்டைப் பக்கம், ஊருணித் தண்ணீரைக் குடத்தில் சுமக்கிற வீடு. சந்தோஷத்தில் கத்தப் போகிறாள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன். அவள் கேட்டது வேறு.

“டீச்சர், அந்த நீலத் தரையில பந்து போற இடமெல்லாம் தண்ணி தெறிக்குதே, மழையா?”

மழை இல்லை, ஆட்டத்துக்கு முன்னால் அவர்களே தண்ணீர் பாய்ச்சுவார்கள், அப்போதுதான் பந்து வழுக்கி ஓடும், விழுந்தாலும் தோல் உரியாது என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாள்: “எத்தனை குடம் டீச்சர்?”